ஷோகன் 2: பிடிப்பது சுலபம், காப்பது கடினம்

கம்ப்யூட்டர் கேம் என்றதும் படபடவென்று சுடுவதும் கார் ஓட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பொறுமையாக யோசித்துத் திட்டம் போட்டு ஆட வேண்டிய கேம்களும் உண்டு. இவற்றை ஸ்ட்ரேட்டஜி கேம்ஸ் என்பார்கள். இந்த வகையில் நல்ல பெயர் எடுத்தது டோட்டல் வார்: ஷோகன் 2. கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய இதை, 2011 மார்ச்சில் சேகா நிறுவனம் வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டில் வந்த ஷோகன்: டோட்டல் வார் கேமின் அடுத்த பாகம் இது. இதை ஆட ஸ்டீம் அக்கவுண்ட் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் 20 ஜிபி காலி இடமும் வேண்டும்.

கதை என்ன?

காலம் 16-ஆம் நூற்றாண்டு. இடம் ஜப்பான். கியோட்டோவில் ஷோகன் என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். ஆனால் அதிகாரம் அவர் கையில் இல்லை. ஊருக்கு ஊர் குலத்தலைவர்கள் படை வைத்துக்கொண்டு மோதுகிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர். ஆட்டம் 1545-ல் தொடங்கும். குறிப்பிட்ட ஆண்டுக்குள் கியோட்டோவையும், சொல்லப்பட்ட எண்ணிக்கையில் மாகாணங்களையும் பிடித்து வைத்திருக்க வேண்டும். குறுகிய ஆட்டத்துக்குக் கெடு 1575.

ஆட்டம் இரண்டு பகுதிகளாக நடக்கும். வரைபடத்தில் வரி, விவசாயம், தூது, படை திரட்டல் ஆகியவற்றை டர்ன் டர்னாகக் கவனிக்கிறோம். படைகள் மோதும்போது போர்க்களம் திறக்கிறது. அங்கே எல்லாம் நேரடியாக ஓடும். காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் புரியும். பல்லவர் வரலாற்றைச் சொல்லும் அந்தச் சிற்ப வரிசையில் முடிசூட்டலும் அரசவையும் உண்டு, யானையும் குதிரையும் மோதும் போரும் உண்டு. அரசவையை விட்டுவிட்டுப் போரை மட்டும் ஆடுபவர்கள்தான் இந்த கேமில் சீக்கிரம் தோற்கிறார்கள்.

எந்தக் குலத்தை எடுக்கலாம்?

புதியவர்களுக்கு சோசோகாபே அல்லது ஷிமாசு நல்லது. சோசோகாபே குலம் ஷிகோகு தீவில் இருக்கிறது. தீவில் நான்கே மாகாணங்கள். அவற்றைப் பிடித்துவிட்டால் சுற்றிலும் கடல்தான் அரண். வில்வீரர்கள் சிறப்பானவர்கள், விவசாய வருமானமும் கூடுதல். ஷிமாசு குலம் தென்மேற்கு மூலையில் இருப்பதால் முதுகுப்பக்கம் பயமில்லை. வாள் சாமுராய்கள் இதன் பலம். ஓடா, டோகுகாவா போன்ற குலங்களை அனுபவம் வந்த பிறகு எடுங்கள்.

முதலில் சோறு, பிறகு கோட்டை

வயல்களை மேம்படுத்தினால் உணவு பெருகும். கோட்டையைப் பெரிதாக்கினாலும் சந்தையைப் பெரிதாக்கினாலும் உணவு செலவாகும். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் மக்கள் கலகம் செய்வார்கள். எனவே கோட்டையின் அப்கிரேட் பட்டனை அழுத்துமுன் உணவு எண்ணிக்கையைப் பாருங்கள். உபரி உணவு வீணாகாது. ஊர்கள் வளர்ந்து வரி கூடும். வரி விகிதத்தை உயர்த்தினால் இன்று பணம் வரும், ஆனால் வளர்ச்சி குறையும், மக்கள் வெறுப்பும் கூடும். புதிதாகப் பிடித்த மாகாணத்துக்குச் சில டர்ன்கள் வரிவிலக்குக் கொடுத்து, உள்ளே ஒரு காவல்படையை நிறுத்துங்கள்.

போர்க்களக் கணக்கு

ஈட்டி குதிரையை வெல்லும். குதிரை, வாள்வீரரையும் வில்வீரரையும் மிதித்துவிடும். வாள் ஈட்டியை வெல்லும். இதை மனதில் வைத்துப் பின்வருவனவற்றைப் பின்பற்றுங்கள்:

1. மலிவான யாரி அஷிகாரு ஈட்டிப்படையை முன்வரிசையில் வைத்து, 'யாரி வால்' பட்டனை அழுத்துங்கள். எதிரே வரும் குதிரைப்படை அதில் மோதி அழியும். இந்த அணிக்குப் பக்கவாட்டில் பலவீனம் உண்டு. இருபுறமும் வாள்வீரரை நிறுத்துங்கள்.

2. வில்வீரர்கள் மேட்டில் நிற்கட்டும். எதிரி நெருங்கியதும் ஈட்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

3. தளபதியை முன்னால் அனுப்பாதீர்கள். அவர் விழுந்தால் மொத்தப் படையின் மனவலிமையும் சரியும்.

4. தடுமாற்றம் வந்தால் 'பி' கீயை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி, நிதானமாக உத்தரவு கொடுங்கள்.

பனிக்காலம் என்ற எதிரி

ஓர் ஆண்டுக்கு நான்கு டர்ன்கள். ஒரு பருவத்துக்கு ஒன்று. பனிக்காலத்தில் எதிரி மண்ணில் நிற்கும் படை போரிடாமலேயே ஆட்களை இழக்கும். சொந்த மாகாணத்தில் இருந்தால் இழந்த எண்ணிக்கை மெல்ல நிரம்பும். படையெடுப்பை வசந்தத்தில் தொடங்கி, இலையுதிர் காலத்துக்குள் கோட்டையைப் பிடியுங்கள், அல்லது திரும்பிவிடுங்கள்.

காஞ்சிபுரத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னர் இரண்டாம் புலிகேசி காஞ்சி வரை வந்தார். பல்லவ மன்னர் மதிலுக்குள் ஒடுங்கினார் என்று 634-ஆம் ஆண்டு ஐஹோளே கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பின்னர் நரசிம்மவர்மர் மணிமங்கலம் முதலிய இடங்களில் புலிகேசியை வென்று, 642-ல் வாதாபியையே பிடித்தார். கேமிலும் இப்படித்தான். பெரிய படை வந்தால் வெளியே போய் மோதாமல் மதிலுக்குள் இருங்கள். சுவர் ஏறும்போதே எதிரி பாதி கரைந்துவிடுவான். அவன் களைத்த பிறகு துரத்துங்கள்.

ரெல்ம் டிவைட்: பலர் தோற்கும் இடம்

மாகாணங்கள் சேரச் சேர உங்கள் குலத்தின் புகழ் உயரும். அது உச்சியைத் தொட்டதும், ஷோகன் உங்களை எதிரி என்று அறிவிப்பார். கியோட்டோவைப் பிடித்தாலும் இதே கதிதான். அதுவரை நண்பர்களாக இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பகையாவார்கள். வணிக ஒப்பந்தங்கள் முறியும், வருமானம் சட்டென்று விழும்.

புகழ் அளவு உச்சியை நெருங்கும்போது நின்றுவிடுங்கள். சில ஆண்டுகள் எதையும் பிடிக்க வேண்டாம். கஜானாவை நிரப்புங்கள். எல்லைக் கோட்டைகளைப் பலப்படுத்துங்கள். இரண்டு முழுப் படைகளைத் தயார் செய்யுங்கள். வரைபட ஓரத்துக் கடலில் உள்ள வணிக மையங்களில் கப்பல்களை நிறுத்துங்கள். வயல் வருமானத்தால் மட்டுமே படைச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முடியும் என்றால் அடுத்த மாகாணத்தில் கால் வையுங்கள்.

முதல் ஆட்டத்தை 'நார்மல்' நிலையில் ஆடுங்கள். 'லெஜெண்டரி' நிலையில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. ஒவ்வொரு பனிக்கால டர்னிலும் ஒரு சேவ் எடுத்து வையுங்கள். தோற்றால் எந்த ஆண்டில் அவசரப்பட்டோம் என்று திரும்பிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது தோற்ற ஆண்டாக இருக்காது. அதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னால், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆண்டாகவே இருக்கும்.