மாங்குளம் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசித்தல்

மேலூர் வட்டம் மீனாட்சிபுரத்துக் கழுகுமலைக் குகைகளில் இருப்பவையே மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள். (கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலை வேறு.) 1882-இல் ராபர்ட் சூவெல் இவற்றைக் கண்டார். மொழி தமிழ்தான் என்று 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் காட்டினார். அவற்றில் வரும் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். காலம் ஏறத்தாழ கி.மு. இரண்டாம் நூற்றாண்டு.

முதலில் உருவங்கள். ககரம் கூட்டல் குறி. நகரம் தலைகீழான 'ட' போல இல்லை, படுக்கைக் கோட்டின் நடுவில் நட்ட குச்சி. ணகரம் மேலும் கீழும் கோடிட்ட தூண். டகரம் வலப்பக்கம் திறந்த அரைவட்டம். ஒரு வாரம் தினம் பத்து எழுத்தை எழுதிப் பார்த்தால் போதும். எழுத்து இடமிருந்து வலமாக ஓடும்; சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது.

பலர் இடறுவது அடுத்த படியில். அசோகன் பிராமியில் வெறும் ககரம் 'க'; வலப்பக்கம் ஒரு சிறு கோடு சேர்ந்தால் 'கா'. அந்த விதியோடு மாங்குளம் வந்தால் 'மகன்' என்ற சொல்லே 'மாகான' ஆகிவிடும். இங்கே வெறும் எழுத்து மெய், அதாவது 'க்'. கோடு சேர்ந்தால் 'க' அல்லது 'கா', இரண்டுக்கும் ஒரே கோடுதான். குறிலா நெடிலா என்பதைச் சொல்லை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஆகவே, முதல் வாசிப்பில் கோடிட்ட இடமெல்லாம் அகரம் என்று வைத்துக்கொண்டு, பொருள் வராத இடத்தில் மட்டும் ஆகாரமாக்குவது நல்லது. எல்லாவற்றையும் நெடிலாக்கிவிட்டுப் பிறகு குறைப்பது வீண்வேலை. பிற்காலக் கல்வெட்டுகளில் விதி மாறும்: வெறும் எழுத்து மெய்யாகவும் அகரமாகவும் நிற்கும், கோடு நெடிலுக்கு மட்டும் உரியதாகும். புள்ளி அதற்கும் பின்னால் வந்தது. ஆகையால் எந்தக் காலத்துக் கல் என்று தெரியாமல் வாயைத் திறக்கக்கூடாது.

இலக்கணத்துக்கு ஒரே கல்வெட்டு போதும். நெடுஞ்செழியனின் பணியாளான கடலன் வழுதி, கணி நந்தஸிரி குவன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அது. அதன் கடைசிச் சொற்கள் 'கொட்டுபித்தஅ பளிஇய்'. முதலாவது 'கொட்டுவித்த', பிறவினைப் பெயரெச்சம். இன்றைய வகரத்தின் இடத்தில் பகரம் நிற்கிறது. இரண்டாவது பள்ளி: இரட்ட வேண்டிய ளகரம் ஒற்றையாக, ஈற்றில் யகர மெய்யோடு. 'கணிய்', 'வழுத்திய்' என்பவற்றிலும் இகரத்தின் பின் அதே யகரம் வருவதால், அதை எழுதும் வழக்கமாகக் கொள்ளலாம், வேற்றுமை உருபாக அல்ல. அதே கல்வெட்டில் வரும் 'தம்மம்' பிராகிருதத்திலிருந்து வந்த சொல்.

'நெடுஞ்சழியன்' என்றே கல்லில் இருக்கிறது. பெயர் தெரியும் என்பதற்காகப் படியெடுக்கும்போதே 'செ' என்று திருத்திவிடுவது மிகச் சாதாரணமான தவறு. கல்லில் உள்ளதை ஒரு வரியிலும், இன்றைய வடிவத்தை அதன் கீழ் வரியிலும் எழுத வேண்டும்.

படம் எடுக்கச் சாய்வெயில்தான் சரி. உச்சிவெயிலில் வெட்டுகள் மறைந்துவிடும். எழுத்துக்குள் சாக்கட்டி பூசவே கூடாது, பூசுபவர் தான் நினைத்த எழுத்தைத்தான் பூசுவார். கீழடிப் பானை ஓட்டில் உள்ள 'ஆதன்', 'குவிரன்' போன்ற பெயர்களில் பழகிவிட்டு மலையேறினால் பாதி வேலை குறையும்.