கொட்டகைக்குக் கால் நடுமுன்

கேளம்பாக்கம்

சிரஞ்சீவிக்குப் பெரியப்பா எழுதிக்கொண்டது.   

நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. ஊருக்குத் திரும்பி வந்து, உப்பங்கழிக்குச் சமீபத்தில் வாங்கிப்போட்ட நிலத்தில் ஆறு பசுக்களைக் கட்டி வளர்க்கவேண்டுமென்ற உன் உத்தேசம் எனக்குப் பரம சந்தோஷம். அமெரிக்காவில் இருந்த நாட்களில் நீ பார்த்துப் பழகிய பண்ணைக் கொட்டகையின் சாயலிலேயே, 40 அடி நீளமும் 20 அடி அகலமும் 14 அடி உயரமுமாக, பூமியில் புதைத்த மரக்கால்களின்மேல் தகரக் கூரை போட்டுத் திட்டம் வரைந்திருக்கிறாய். கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. கணக்கும் சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு வேறொரு பூமிக்கும் வேறொரு ஆகாயத்துக்கும் உரிய கணக்கு என்பதை நீ கால் நடுவதற்கு முன்பே எடுத்துச் சொல்வது என் கடமை.

சுவர் எழுப்பாமல், வரிசையாகக் கால் நட்டு, அவற்றின்மேல் உத்திரமும் கைமரமும் ஏற்றிக் கூரை போடும் முறை நமக்குப் புதிதன்று. நம் தொழுவங்களும் களத்துமேட்டுக் கொட்டகைகளும் அப்படி எழுந்தவையே. அந்நாட்டில் அது பெருவழக்கானது 1930-களின் பொருளாதார நெருக்கடியில், அஸ்திவாரச் சுவருக்குச் செலவழிக்க வழியில்லாத குடியானவர்கள் கம்பங்களை நேரே மண்ணில் இறக்கிக் கட்டத் தொடங்கிய பிற்பாடுதான். அப்படி இறக்கிய மரம் நாற்பது ஐம்பது வருஷம் உளுக்காமல் நிற்பதற்குக் காரணமாயிருந்த மருந்துகளில் தலையாயது நம் தேசத்தில் பிறந்தது என்பதை நீ அறிந்திருக்கமாட்டாய். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்த சொண்டி காமேசம் என்ற விஞ்ஞானி, 1933-இல், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்களைச் சேர்த்து, மரத்துக்குள் அழுத்தத்தோடு செலுத்தும் அந்த மருந்தைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் தந்திக் கம்பங்களும் கொட்டகைக் கால்களும் அதனால் ஆயுள் பெற்றன. ஆயினும் அதில் உள்ள ஆர்சனிக் விஷம் என்பதால், 2003-ஆம் வருஷ முடிவோடு அமெரிக்க உற்பத்தியாளர்களே வீட்டு உபயோகத்துக்கான மரங்களில் அதைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பசு எதையும் நக்கிப் பார்க்கும் பிராணி. கன்று அதைவிட மோசம். ஆகவே அந்த மருந்தேற்றிய மரத்தைத் தொழுவத்தில் நடாதே. அதன் துண்டு துணுக்குகளை அடுப்பில் வைத்து எரிக்கவும் எரிக்காதே.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த வரைபடத்தைப் போட்டவர் மனத்தில் இருந்தது பனி. கூரைமேல் இரண்டடி மூன்றடி உயரத்துக்குப் பனி குவிந்தால் அந்தப் பாரத்தைக் கால்கள் தாங்கவேண்டும். குளிரில் மண் உறைந்து அஸ்திவாரத்தைக் கிளப்பாதபடி குழி ஆழமாக இருக்கவேண்டும். அங்கே கால் நடுகிறவனுடைய கவலைகளில் பெரியவை இவை இரண்டும். கேளம்பாக்கத்தில் கூரைமேல் வந்து உட்கார ஒன்றுமில்லை. இங்கே உள்ள அபாயமெல்லாம் கூரை மேலே போய்விடுவதில்தான் இருக்கிறது. 2012 அக்டோபர் 31-இல் நீலம், 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் என்று மூன்று புயல்கள் பதினோரு வருஷத்துக்குள் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கரையை ஒட்டியே கடந்திருக்கின்றன. கூரையைத் தாங்கிப் பிடிப்பதைக் காட்டிலும் கூரையைக் கீழே இழுத்துப் பிடிப்பதே இங்கே நடுகிற காலின் பிரதான வேலை. உன் வரைபடத்தில் இந்த ஒன்று மட்டும் இல்லை.

எவ்வளவு பலமாக இழுத்துப் பிடிக்கவேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். காற்றின் பாரத்துக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த 875-ஆம் எண் விதித்தொகுப்பின் மூன்றாம் பாகம் சென்னைப் பிரதேசத்துக்கு வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், என்ற வேகத்தை அடிப்படையாக நிர்ணயித்திருக்கிறது. அந்த வேகத்தில் அடிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன். நம் பாஷையில் ஏறக்குறைய 150 கிலோ. பண்ணைக் கொட்டகைக்குச் சிறிது தள்ளுபடி உண்டு. ஆகையால் 120 கிலோ என்றே வைத்துக்கொள். பத்தடிக்கு ஒன்றாக இரண்டு வரிசையில் நீ நடப்போகும் கால்களில், நடுவிலுள்ள ஒவ்வொன்றின் பங்குக்கும் நூறு சதுர அடிக் கூரை, அதாவது 9.3 சதுர மீட்டர் வருகிறது. நாற்புறமும் திறந்த கொட்டகையில் காற்று கீழே புகுந்து தூக்கும். மேலே தழுவி ஓடி உறிஞ்சும். மழைக்காற்றில் குடை விரித்து நடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. அந்த ஒரு காலின்மேல் மட்டும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பலம் ஆகாயத்தை நோக்கி இழுக்கும்போது, அதை எதிர்த்துக் கீழே அழுத்தத் தகரமும் இரும்புச் சட்டங்களும் சேர்ந்து நூறு நூற்றிருபது கிலோதான் உண்டு. மீதியை மண்ணுக்குள் இருப்பதுதான் ஈடுசெய்யவேண்டும்.

இவ்விடத்தில்தான் நம் ஊர் பூமியின் தன்மையை நீ தெரிந்துகொள்ளவேண்டும். பங்குனி சித்திரையில் உன் நிலத்தில் ஆறடி தோண்டினாலும் குழி உலர்ந்து நிற்கலாம். ஐப்பசி கார்த்திகையில் அதே இடத்தில் மண்வெட்டி போட்டால் ஓரடி இரண்டடியிலேயே தண்ணீர் ஊறி வரும். புயலும் அந்த மாதங்களில்தான் வருகிறது. அரை கன மீட்டர் கான்கிரீட் 1200 கிலோ எடை. ஆனால் அது நீரில் மூழ்கிக் கிடக்கும்போது 500 கிலோவை நீரே ஏந்திக்கொள்வதால் மீதி 700 கிலோ எடையே பிரயோஜனப்படும். கோடையில் போதுமானதாகத் தோன்றுகிற அஸ்திவாரம் மழைக்காலத்தில் போதாமற்போவது இப்படித்தான். வெறும் குழி தோண்டி, காலை இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்துவிடுகிற வேலையை, ஈரமணலும் உவர்க்களியும் கலந்த இந்த நிலத்தில் எந்த மேஸ்திரி எவ்வளவு சத்தியம் செய்தாலும் ஒப்புக்கொள்ளாதே.

என் யோசனை இது. ஒவ்வொரு காலுக்கும் நாலரை ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அடியில் மூன்றடிக்கு மூன்றடி அகலமான கம்பி கட்டிய கான்கிரீட் தளம் போட்டு, அதிலிருந்து எழும் சிறு தூணைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி வரையில் கொண்டுவந்து, அதன் தலையில் நான்கு போல்ட்டுகளைக் கான்கிரீட்டோடு சேர்த்தே பதித்துவிடு. அகன்ற தளத்தின்மேல் திரும்ப நிரப்பி, அரையடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போடும் மண்ணின் எடையும் உனக்குத் துணையாக நிற்கும். கொட்டகைக் கால் அந்தச் சிறு தூணின் தலையிலிருந்து தொடங்கட்டும். மண்ணைத் தொடவே வேண்டாம்.

கால் மண்ணைத் தொடலாகாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மரத்தை உளுக்கச் செய்யும் காளானுக்கு ஈரமும் காற்றும் ஒருங்கே வேண்டும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. மேலே காற்று உண்டு, ஈரம் நிற்பதில்லை. மண்மட்டத்துக்கு ஓரடி கீழும் ஓரடி மேலும்தான் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. பழைய கொட்டகையில் ஒரு காலைப் பிடுங்கிப் பார்த்தால், புதைந்த நுனி கெட்டியாக இருக்க, மண்மட்டத்தில் மட்டும் இற்றுப்போயிருப்பதைக் காணலாம். இரும்புக்கும் அதே இடம்தான் எமன். மாட்டு மூத்திரமும் சாணமும் கடற்காற்றின் உப்பும் கூடும் மண்மட்டத்தில், மேலே புதிதுபோல் மினுக்கும் இரும்புக் குழாய்கூடச் சில வருஷத்தில் அரித்து ஓட்டையாகிவிடும்.

காலுக்கு எந்தச் சாமான் என்று கேட்டிருந்தாய். சவுக்கு இக்கரையில் மலிவாகக் கிடைக்கும், நேராகவும் இருக்கும், ஆனால் பந்தலுக்கும் சாரத்துக்கும் தகுந்த மரமே ஒழிய, நிரந்தரமான கொட்டகைக்கு அன்று, கரையான் அதை விடாது. பனையின் பலம் வெளிவட்டத்தில் இருக்கிறது, உள்ளே சோறு. ஆதலால் முழுப் பனையைக் காலாக நடுவதைவிட, முற்றின மரத்தை அறுத்து வைரமான பாகத்தைக் கைமரமாகப் போடுவதே நம் தச்சர்கள் கண்ட உபாயம். ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது, அது நியாயமும்கூட. பழைய வீடு இடித்த இடத்தில் நல்ல பனங்கை கிடைத்தால் மட்டும் வாங்கு. கருங்கல் தூண் தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று உன் சித்தப்பா சொல்லுவார். மேலிருந்து வரும் பாரத்துக்கு அது நிற்கும். பக்கவாட்டில் காற்று தள்ளும்போது வளையத் தெரியாமல் முறியும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்புக் குழாயே உனக்கு உசிதமென்பது என் அபிப்பிராயம். வெல்டர் பற்றவைத்த இடங்களில் துத்தநாகம் எரிந்துபோகும். ஆகவே அளவு வெட்டி, துளையிட்டு, பற்றவைப்பதையெல்லாம் முன்னமே முடித்துப் பிற்பாடு முக்கச்சொல்லி, நிலத்தில் போல்ட்டு முடுக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்.

உயரம் 14 அடி வேண்டாம். டிராக்டரும் அறுவடை யந்திரமும் நுழைவதற்கு அங்கே வைத்த உயரம் அது. இறவானத்தில் ஒன்பது அடி இருந்தால் பசுவுக்குக் காற்றோட்டம் தாராளம். உயரம் குறையக் குறையக் காலின் அடியில் காற்று கொடுக்கும் வளைப்பும் குறையும். அகலத்தைக் குறைக்காதே, நீளத்தை 30 அடியாக்கிவிடு. தர நிர்ணயப்படி ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டரும் திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் போதும்; ஆறு பசுவுக்குக் கூரை 21 சதுர மீட்டர்தான். தீனித்தொட்டி, நடைவழி, கன்றுகளுக்கான இடம் எல்லாம் கூட்டினாலும் 600 சதுர அடிக்குள் அடங்கும். வைக்கோலை அதே கூரையின்கீழ் வைக்க நினைத்துத்தான் நீ 40 அடி போட்டிருக்கிறாய். அது கூடவே கூடாது. ஈரம் வற்றாத வைக்கோல் போருக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிப்பதுண்டு. கட்டுத்தறியில் கட்டிய பிராணி எங்கே ஓடும்? முப்பது நாற்பதடி தள்ளித் தனியாக ஒரு சிறு கொட்டகை போடு.

வெக்கைக்காகத் தகரத்தின்மேல் கீற்று வேயலாமா என்று உன் தாயார் கேட்டதாக எழுதியிருந்தாய். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக்கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை நினைக்கையில் எனக்குக் கை நடுங்குகிறது. கூரைக்கருகே மின்சாரக் கம்பி போகும் கொட்டகைக்குக் கீற்று வேண்டாமென்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல். தகரத்தின் மேற்புறத்துக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, முகட்டில் வெப்பம் வெளியேற ஓரடி இடைவெளி விட்டு அதன்மேல் சிறு கூரை வைத்தாலே பாதிக் கஷ்டம் தீரும். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலை மாலை வெயில் உள்ளே ஆழமாகப் புகாது. கிழக்குக் கோடியை அடைக்காமல் விட்டால் பிற்பகலில் கடற்காற்றும் வரும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு வாங்காதே. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. தகரம் வாங்கும்போது, சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் பூசியதா என்று கேள். குறைந்த பூச்சுள்ளவற்றை இந்த உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும்.

தகரத்தை அதன்கீழ் ஓடும் குறுக்குச் சட்டமான பர்லின் பிடிக்கவேண்டும், பர்லினைக் கைமரம் பிடிக்கவேண்டும், கைமரத்தை உத்திரமும், உத்திரத்தைக் காலும், காலை அஸ்திவாரமும் பிடிக்கவேண்டும். இவற்றில் எந்த ஓரிடத்தில் ஆணியை மட்டும் நம்பினாலும் அந்த இடத்தில் புயல் கூரையைப் பிரித்துவிடும். ஆகவே மூட்டுதோறும் போல்ட்டு. தகரத்துக்கு ரப்பர் வளையம் வைத்த திருகாணி. இறவான ஓரத்திலும் முகட்டிலும் இரண்டு கோடிகளிலும் காற்றின் உறிஞ்சல் அதிகம். அங்கே திருகாணிகளை நெருக்கமாகப் போடு. காலுக்கும் உத்திரத்துக்கும் நடுவே சாய்வான முட்டுச் சட்டங்களை நீளவாட்டில் மட்டும் வரைந்திருக்கிறாய், அகலவாட்டிலும் வேண்டும். புயலின் கண் தலைக்குமேல் கடந்துபோனால், முன்பு வடக்கேயிருந்து அடித்த காற்று சிறிது ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு திசைக்கு மட்டும் முட்டுக் கொடுத்த கொட்டகை அப்போது சாய்ந்துவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. 30 அடிக்கு 20 அடிக் கூரையில் அவ்வளவு மழை விழுந்தால் 27,000 லிட்டருக்கு மேல் இறவானத்தின் வழியே இறங்கும்; அது கால்களின் அடிமண்ணைக் கரைத்துக்கொண்டு போகாதபடி, கூரையை இரண்டடி வெளியே நீட்டி, விழும் இடத்தில் கருங்கல் ஜல்லி பரப்பி, வாட்டம் கொடுத்து வாய்க்கால் வெட்டு. உள்தரை சுற்றுப்புறத்தைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். மாடு நிற்கும் தளத்துக்கு அறுபதுக்கு ஒன்று வாட்டம் போதும், அதற்குமேல் சாய்ந்தால் சினைமாட்டுக்கு ஆகாது. தளத்தை வழவழப்பாகத் தேய்க்க விடாமல் கோடு கீறச்சொல்.

நான் போட்டிருப்பது தோராயக் கணக்கு. கட்டட இன்ஜினீயர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டி, அஸ்திவாரத்தை நீரில் மூழ்கியதாக வைத்துக் கணக்குப் போடும்படி கேட்டு வாங்கிக்கொள். பஞ்சாயத்து அனுமதியும் அதற்குள் வந்துவிடும். பங்குனியில் குழி எடுத்து, வைகாசிக்குள் கூரை ஏற்றிவிட்டால், ஆடிக்காற்றிலேயே எந்தப் போல்ட்டு தளர்கிறது என்று தெரிந்துவிடும். புரட்டாசியில் ஒரு நாள் ஏணி வைத்து ஏறி, எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கிவிடு. இந்தக் கார்த்திகையில் நிலத்தின் நான்கு மூலையிலும் ஐந்தடிக் குழி எடுத்து, மறுநாள் காலையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறதென்று அளந்து எனக்கு எழுது. அந்த அளவு வந்த பிற்பாடு தளத்தின் அகலத்தை நாம் இருவரும் உட்கார்ந்து முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
உன் நன்மையை நாடும்
பெரியப்பா