விலைப்பட்டியலில் இல்லாத வடுக்கள்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையரை 'ரெட்நெக்' என்று இகழ்வது நெடுநாள் வழக்கு. வயல் வெயிலில் பிடரி சிவந்தவர் என்பது அதன் பொருள். உழைப்பின் அடையாளமே வசைச்சொல்லாயிற்று! 1932இல் வெளிவந்த எர்ஸ்கின் கால்டுவெல்லின் 'டொபாக்கோ ரோடு' நாவலும் அதன் நாடக வடிவமும் அவ்வசைக்கு முகம் அளித்தன. கால்டுவெல்லுக்கு ஏழையர்பால் இரக்கம் இருந்தது உண்மையே. எனினும் மக்கள் மனத்தில் தங்கியது அவர் காட்டிய சோம்பலும் சீர்கேடுமே.

இம்முகத்தோடு ஹாரி க்ரூஸின் (1935–2012) தன்வரலாற்றை ஒப்பிட்டுக் காண்போம். ஜார்ஜியா மாநிலத்துப் பேக்கன் கவுண்டியில் நிலம் உழுத குடும்பத்திற் பிறந்த அவர், 1978இல் தம் பிள்ளைப்பருவத்தை எழுதி, 'ஓரிடத்தின் வாழ்க்கை வரலாறு' என்று அதற்குத் துணைத்தலைப்பிட்டார்.

அதில் நம் நெஞ்சைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. சியர்ஸ் நிறுவனத்தின் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியல் அவர்கள் வீட்டில் இருந்தது. அதிலுள்ள மனிதர் எவருக்கும் விரல் குறையவில்லை. உடலில் வடுவும் இல்லை. சிறுவன் அறிந்த மனிதரோ விரலோ கண்ணோ காதின் ஒரு பகுதியோ இழந்தவர்கள். அப்படங்கள் பொய் என்று அவன் தெளிகிறான். அண்மையில் வாழ்ந்த கறுப்பினத் தோழனுடன் சேர்ந்து, அவ்வழகியருக்குப் பகையும் உறவும், ஆடைக்குள் மறைந்த காயங்களும் கற்பிக்கிறான். பிறர் எழுதிய சித்திரத்திற்கு ஆளான குலத்துச் சிறுவன், பிறர் சித்திரத்தைத் திருத்தி எழுதுகிறான். க்ரூஸ் எழுத்தாளரானது அன்றே என்று நாம் கருதுகிறோம்.

தம்மவரை அவர் தூய்மைப்படுத்தவும் இல்லை. கறுப்பினத்தவர் ஒருவரை 'மிஸ்டர்' என்று மதித்துச் சொன்ன சிறுவனை, அவ்வாறு சொல்லலாகாது என்று உறவுப் பெண்மணியே திருத்துகிறார். தந்தையெனச் சிறுவன் நம்பிய மாற்றாந்தந்தையின் குடியும் சினமும் தாங்காமல், தாய் பிள்ளைகளுடன் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகருக்குச் சென்று சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்.

க்ரூஸ் இரண்டு வயது நிரம்புமுன் பெற்ற தந்தை இறந்தார். அவ்விரவே இறைச்சியைப் புகையூட்டி வைக்கும் கொட்டிலில் திருட்டு நிகழ்ந்தது. எடுத்தவர் இறந்தவரின் நண்பர். இழிசித்திரம் தீட்டுவோர்க்கு இதனினும் ஏற்ற சான்று வேண்டுவதில்லை. க்ரூஸோ அவரைத் தூற்றவில்லை. அந்நிலத்தில் பசியும் பிணியும் எத்தகைய மனிதரையும் தலைகுனியச் செய்தன என்றே எழுதுகிறார். அந்நண்பரின் பெயரை நூல் சொல்வதில்லை.