போதைப்பொருள் வழக்கும் சட்டம் காட்டும் வழிகளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

சட்டம் என்றாலே எளிய குடும்பத்தார்க்கு அச்சம். ஆனால் சட்டத்தை அறியாமையால் வரும் கேடு அந்த அச்சத்தினும் பெரிது. போதைப்பொருள் வழக்குகளில் இவ்வுண்மை மிக நன்றாக விளங்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் குப்பத்தில் ஒரு பையன் சிறு கஞ்சாப் பொட்டலத்துடன் பிடிபட்டான். “எத்தன வருஷம் போடுவாங்க தம்பி?” என்று அவன் தாய் என்னைக் கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியே 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தைப் படித்தேன்.

இச்சட்டத்தில் தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடையே. 2001இல் செய்த திருத்தம் மூன்று படிகளை வகுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மிகுந்தால் வணிக அளவு. சிறு அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறை. வணிக அளவுக்குப் பத்து முதல் இருபது ஆண்டுகள். வணிக அளவில் ஜாமீன் கிடைப்பதும் அரிது. குற்றவாளி அல்லர் என்று நம்ப நியாயமான காரணம் உண்டென நீதிமன்றம் கருதினால்தான் 37ஆம் பிரிவு வழிவிடும்.

பொருளுக்குப் பொருள் அளவு மாறும். 2020 ஜூன் மாதம் நம் கடற்கரையில் கொக்கிலமேட்டருகே ஒரு பீப்பாய் ஒதுங்கியது. சீன எழுத்துப் பொறித்த தேயிலைப் பொட்டலங்களுக்குள் இருந்தது மெத்தம்பெட்டமின். இதற்குச் சிறு அளவு 2 கிராம், வணிக அளவு 50 கிராம்! கரையில் கிடந்ததுதானே என்று ஒரு கிலோப் பொட்டலத்தை வீட்டில் வைத்தாலும் அது வணிக அளவைப்போல் இருபது மடங்கு. தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம். ஆனால் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை 35ஆம் பிரிவின்படி நம் தலையில் விழும். ஆகவே தொடாமல் காவல்துறைக்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

வழக்கின் கடுமையைக் குறைக்கச் சட்டமே சில வழிகளைத் திறந்து வைத்துள்ளது.

முதலாவது, தாவரவியல். பெண் செடியின் பூங்கொத்தில்தான் போதைப் பிசின் மிகுதி. அதனால் பூக்கும், காய்க்கும் நுனிகளையே சட்டம் கஞ்சா என்கிறது; நுனியோடு சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகா. அவற்றைப் பிரிக்காமல் எடை போட்டார்களா என்று வழக்கறிஞர் எழுப்பும் கேள்வி, வழக்கை ஒரு படி கீழே இறக்கக்கூடும்.

இரண்டாவது, சோதனை முறை. ஒருவரின் உடலைச் சோதிக்குமுன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உண்டென அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது 50ஆம் பிரிவு. இது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. கைப்பைச் சோதனைக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை.

மூன்றாவது, வாக்குமூலம். சென்னையில் தொடங்கிய தூஃபான் சிங் வழக்கில், இச்சட்டத்தின்கீழ் அதிகாரிகளிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்க இயலாது என 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

நான்காவது, மருத்துவம். இதை அறிந்தோர் மிகச் சிலரே! போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்திலோ சிறு அளவு வழக்கிலோ சிக்கியபின், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64அ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அவ்விலக்கை இழக்க நேரிடும். தண்டனை பெற்ற பிறகும், 39ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பாமல் பிணைப்பத்திரம் பெற்றுச் சிகிச்சைக்கு அனுப்பலாம்.

இவற்றையெல்லாம் எடுத்துரைக்க வழக்கறிஞர் வேண்டுமே, பணத்துக்கு எங்கே போவது? காவலில் உள்ள எவருக்கும் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணையங்கள் சட்டம் அளிக்கிறது. செங்கல்பட்டில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு. ஏழை என்று சான்று காட்டத் தேவையில்லை; காவலில் இருப்பதே போதும்.

விற்பவனைத் தப்பவைக்க நான் இதை எழுதவில்லை. வணிகனையும் நோயாளியையும் சட்டம் வேறு வேறாகவே பார்க்கிறது. அவ்வேறுபாடு ஏட்டில் மட்டும் இருந்தால் ஏழைக்குப் பயனில்லை. நம்முள் பலர் ஊருக்கு முதல் பட்டதாரிகள். பட்டம் நமக்கு வேலை தரலாம். நாம் படித்த படிப்பு நம் தெருவுக்கு வழிகாட்ட வேண்டாமா? படிக்காமல் எதிலும் கையொப்பமிடாதீர்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள் என்ற இரு சொற்களையாவது நம் குப்பங்களுக்கும் சிற்றூர்களுக்கும் கொண்டு செல்வோம்.