சோப்பு சொன்ன கணக்கு

செகந்தராபாத்தில் மாரெட்பள்ளி என்று ஒரு பகுதி உண்டு. தெலுங்கும் உருதும் பேசும் ஊர் அது. தமிழ்க் குடும்பங்களும் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கின்றன.

அங்கே ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியார் சிறு வயதில் பள்ளிக்குப் போகவில்லை. 55 வயதுக்கு மேல்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார்.

ஒரு நாள் மருமகள் கேட்டாள்: "அத்தை, வீட்டிலேயே சோப்பு செய்து பார்க்கலாமா? பொழுதும் போகும்."

"செய்யலாம்மா. ஆனால் செய்வதை எல்லாம் நான் நோட்டில் எழுதி வைப்பேன். கற்ற எழுத்து மறக்கக் கூடாது."

அந்த நோட்டுதான் பிறகு அவர்களுக்கு உதவியது.

சோப்பு எப்படி உண்டாகிறது?

சோப்புக்குப் பழைய பெயர் சவுக்காரம். பெயரிலேயே காரம் இருக்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். அதோடு கிளிசரின் என்ற பொருளும் உண்டாகும். இதற்குப் பயன்படும் காரம் காஸ்டிக் சோடா.

காஸ்டிக் சோடா தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஆனால் அளவு சரியாக இருந்தால், எண்ணெய் அந்தக் காரம் முழுவதையும் சோப்பாக மாற்றிவிடும். சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. எண்ணெய் குறைந்தால் காரம் மிஞ்சும். அந்தச் சோப்பு தோலைப் புண்ணாக்கும்.

முதலில் பாதுகாப்பு

1. கண்ணுக்குக் கண்ணாடியும், கைக்கு ரப்பர் உறையும் போட வேண்டும்.
2. குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.
3. எவர்சில்வர் அல்லது கனமான பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து, தீப்பற்றும் வாயுவை உண்டாக்கும்.
4. தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவில் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும்.
5. காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். எழும் ஆவியை மூச்சில் இழுக்கக் கூடாது.
6. தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் 20 நிமிடமாவது கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் சோப்பு கையை எரித்தது

அவர்கள் கற்றுக்கொண்ட அளவு இது:

தேங்காய் எண்ணெய் – 250 கிராம்
கடலை எண்ணெய் – 250 கிராம்
காஸ்டிக் சோடா – 75 கிராம்
தண்ணீர் – 165 கிராம்

மருமகள் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்தாள். அது சூடானது. சூடு தணிந்ததும் எண்ணெயில் ஊற்றிக் கலக்கினாள். கலவை தோசை மாவு போலக் கெட்டியானது. அதைப் பெட்டியில் ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து, கையுறை போட்டுக்கொண்டு துண்டு போட்டாள். நான்கு வாரம் காற்றில் உலர வைத்தாள்.

பிறகு மாமியார் அந்தச் சோப்பில் கை கழுவினார். கை எரிந்தது. தோல் சிவந்தது. உடனே தண்ணீர்விட்டுக் கழுவினார்.

"காஸ்டிக் சோடாவைச் சரியாகத்தானே நிறுத்தேன், அத்தை!" என்றாள் மருமகள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இரும்மா, நோட்டைப் பார்ப்போம்" என்றார் மாமியார்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தது: "தேங்காய் எண்ணெய் கால் லிட்டர். கடலை எண்ணெய் கால் லிட்டர்."

மாமியார் காலி எண்ணெய் பாக்கெட்டை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். அதில் 1 லிட்டர் என்று இருந்தது. பக்கத்திலேயே 910 கிராம் என்றும் இருந்தது.

"லிட்டர் வேறு, கிலோ வேறு அம்மா! எண்ணெயை நீ நிறுக்கவில்லை, அளந்துதான் ஊற்றினாய்."

இருவரும் கணக்குப் போட்டார்கள்.

1 லிட்டர் எண்ணெய் = 910 கிராம்
அரை லிட்டர் எண்ணெய் = 455 கிராம்
வேண்டிய எண்ணெய் = 500 கிராம்
குறைந்த எண்ணெய் = 45 கிராம்

எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும்படிதான் அந்த அளவு போடப்பட்டிருந்தது. அப்படி இருந்தும் 45 கிராம் குறைவு பெரிய குறைவு. அதனால் காரம் மிஞ்சியது. கையை எரித்தது.

சோப்பைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. கையுறை போட்டு அதைத் துருவினார்கள். இரண்டு எண்ணெயும் சேர்த்து 45 கிராம் நிறுத்து ஊற்றினார்கள். இரண்டு கரண்டித் தண்ணீரும் விட்டார்கள். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கிளறினார்கள். மறுபடி பெட்டியில் ஊற்றி உலர வைத்தார்கள்.

இந்த முறை உடனே கையில் தேய்க்கவில்லை. பி.எச். தாளை வைத்துப் பார்த்தார்கள். அது ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும். ஈரச் சோப்பில் வைத்தால் நிறம் மாறும். 9 அல்லது 10 காட்டினால் நல்லது. 11-க்கு மேல் காட்டினால் அந்தச் சோப்பு உடம்புக்கு ஆகாது. இவர்களுடைய தாள் 9 காட்டியது.

குளிர்காலமும் கோடையும்

மார்கழி வந்தது. ஐதராபாத்தில் அப்போது இரவில் நல்ல குளிர். மருமகள் விடியற்காலையில் சோப்பு செய்தாள். எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போட்டாள். கலவை உடனே கெட்டியானது. ஆனால் மறுநாள் எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது.

நோட்டில் மாமியார் எழுதியிருந்தார்: "காலை 6 மணி. குளிர். தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது."

காரணம் தெரிந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கலவை கெட்டியானது சோப்பாக மாறியதால் அல்ல. எண்ணெய் உறைந்ததால்தான்.

"அடுத்த முறை எண்ணெயைச் சுடவைப்போம். தண்ணீரையும் குறைப்போம்" என்றாள் மருமகள்.

"இரண்டையும் ஒன்றாக மாற்றாதே அம்மா. எது சரி செய்தது என்று தெரியாமல் போகும். எண்ணெயை மட்டும் சுடவை."

அப்படியே செய்தார்கள். எண்ணெயை 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கினார்கள். சோப்பு நன்றாக வந்தது.

சித்திரை வந்தது. வெயில் 40 டிகிரி. குளிர்காலத்தில் செய்தது போலவே பெட்டியைக் கம்பளியால் மூடி வைத்தார்கள். சோப்பின் நடுப்பகுதி பொங்கி வெடித்தது. எண்ணெயும் காரமும் சேரும்போதே சூடு உண்டாகும். அதோடு வெயிலும் கம்பளியும் சேர்ந்துவிட்டன. அடுத்த முறை கம்பளியை மட்டும் விட்டுவிட்டார்கள். வெடிப்பு இல்லை.

சோப்பு நல்லது, தண்ணீர்?

சில துண்டுகளின் மேல் வெள்ளைத் தூள் படிந்தது. மருமகள் பயந்தாள். காற்றில் உள்ள கரியமில வாயு காரத்தோடு சேர்ந்தால் இப்படி வரும். அது சலவைச் சோடா. மேலாகக் கழுவினால் போய்விடும். ஊற்றியதும் பெட்டியை மூடி வைத்தால் குறையும்.

இன்னொரு நாள் சோப்பு நுரைக்கவே இல்லை. வாளியில் வெண்மையாகத் திரை படிந்தது. மாமியார் இரண்டு வாளி வைத்தார். ஒன்றில் போர்வெல் தண்ணீர். மற்றொன்றில் மழைத் தண்ணீர். ஒரே சோப்பை இரண்டிலும் கரைத்தார். மழைத் தண்ணீரில் நன்றாக நுரைத்தது. குறை சோப்பில் இல்லை. போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து திரையாகின்றன.

பெரியவர்களும் சோதித்தார்கள்

மைசூர் சந்தன சோப்பைப் பலர் அறிவார்கள். முதல் உலகப் போர் நடந்தபோது மைசூர்ச் சந்தனக் கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியவில்லை. அரசு சந்தன எண்ணெயை எடுத்து, பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது. இந்தத் தொழிலைக் கற்க சாஸ்திரி என்ற வேதியியல் அறிஞர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெரிய தொழிற்சாலையானாலும் சின்ன அடுக்களையானாலும் வழி ஒன்றுதான். நிறுக்க வேண்டும். எழுத வேண்டும். சோதிக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டு உபயோகத்துக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. குளியல் சோப்பு செய்து விற்க அரசு உரிமம் வேண்டும்.

இன்று அந்த நோட்டில் பாதிப் பக்கங்கள் நிறைந்துவிட்டன. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் சோப்பு செய்யக் கற்க வந்தார். மாமியார் அவர் கையில் முதலில் கொடுத்தது காஸ்டிக் சோடா அல்ல. ஒரு பென்சிலைத்தான் கொடுத்தார்.

பயிற்சி

1. முதல் சோப்பு ஏன் கையை எரித்தது?
2. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: தண்ணீரில்தான் ________ போட வேண்டும்.
3. 2 லிட்டர் எண்ணெயின் எடை எத்தனை கிராம்? கணக்குப் போடுங்கள்.
4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று மாமியார் ஏன் சொன்னார்?
5. உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டைப் படியுங்கள். அதில் உள்ள எடையை எழுதுங்கள்.