மலிவின் மறுபக்கம்

கடையில் குடிநீர்ப் புட்டியை வாங்குவோர் அதன் விலையைத்தான் முதலில் பார்ப்பர். அப்புட்டி எந்த மூலப்பொருளால் ஆனது, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், 'பெட்' எனப்படும் அந்த நெகிழி மூலப்பொருளின் விலை குறித்து மலேசியாவில் 2024ஆம் ஆண்டில் விசாரணை ஒன்று தொடங்கியது. சீனாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அது முறையற்ற விலையில் இறக்குமதியாவதாக உள்நாட்டு உற்பத்தித் தரப்பு முறையிட்டதே அதற்குக் காரணம்.

மலிவாக விற்பது தவறா? இல்லை. சிறந்த இயந்திரத்தாலும் திறன்மிக்க உழைப்பாலும் விலை குறைந்தால், அது நேர்மையான போட்டியே. ஆனால், தன் நாட்டில் 100 ரிங்கிட்டுக்கு விற்கும் பொருளை ஒரு நிறுவனம் பிற நாட்டுக்கு 80 ரிங்கிட்டுக்கு விற்றால், அது 'பொருள் குவிப்பு' எனப்படும். அவ்விலையோடு போட்டியிட இயலாத உள்நாட்டுத் தொழிற்சாலை நலிவடையும். தொழிலாளர்கள் வேலையை இழப்பர். போட்டியாளர் இல்லாத சந்தையில் பின்னர் விலை உயரவும் கூடும்.

இதனைத் தடுக்கவே 'பொருள் குவிப்புத் தடுப்பு வரி' விதிக்கப்படுகிறது. மலேசியாவில் இதற்கான சட்டம் 1993ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு விசாரணையை நடத்துகிறது. அரச மலேசியச் சுங்கத் துறை வரியை வசூலிக்கிறது.

முறையீடு மட்டுமே வரி விதிக்கப் போதாது. மூன்று கூறுகள் மெய்ப்பிக்கப்பட வேண்டும். முதலாவது, பொருள் குவிப்பு நடந்திருக்க வேண்டும். இரண்டாவது, உள்நாட்டுத் தொழில் பாதிப்படைந்திருக்க வேண்டும். மூன்றாவது, அப்பாதிப்புக்கு அந்த இறக்குமதியே காரணமாக இருக்க வேண்டும். நிர்வாகக் குறைபாட்டால் நட்டமடைந்த தொழிற்சாலை, பழியை இறக்குமதியின்மீது சுமத்த முடியாது. மேலும், உலக வாணிப நிறுவனத்தின் விதிப்படி, விலை வேறுபாடு ஏற்றுமதி விலையில் இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தால் விசாரணை கைவிடப்படும்.

'பெட்' விசாரணையின்போது, 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6.33 முதல் 37.44 விழுக்காடு வரையிலான தற்காலிக வரி விதிக்கப்பட்டது. எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வரி விதிக்கப்படவில்லை. ஒவ்வொன்றின் விலை வேறுபாட்டிற்கேற்ப வரியும் மாறுபட்டது.

இவ்வரியால் மூலப்பொருளின் விலை உயரும்போது, அதனைப் பயன்படுத்திப் புட்டி தயாரிக்கும் நிறுவனங்களின் செலவும் உயரும். இறுதியில் பயனீட்டாளரும் அச்சுமையைத் தாங்க நேரிடலாம். ஆதலால்தான் மலேசியச் சட்டம் பொதுநலனையும் கருத்திற்கொள்கிறது. வரியும் பொதுவாக ஐந்தாண்டுகளுக்கே விதிக்கப்படுகிறது; அதன்பின் நீட்டிக்க மறுஆய்வு தேவை.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. போட்டியே இல்லாத பாதுகாப்பு, தொழிலைச் சோம்பலாக்கும். பாதுகாப்பே இல்லாத போட்டி, தொழிலை அழிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஆதாரத்தின் துணைகொண்டு முடிவெடுப்பதே நேர்மையான வாணிபத்தின் அடித்தளமாகும்.