ஒளியை மங்கச் செய்தது எது?

சிரஞ்சீவி வாசுவுக்கு,

சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டையமீனையும் மூடிய பாத்திரத்தில் 200 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரம் வைத்து நீ தயாரித்த கார்பன் புள்ளிகள் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாய் ஒளிர்ந்தன என்றும், மெதோட்ரெக்சேட் மருந்தைச் சேர்க்கச் சேர்க்க அவ்வொளி படிப்படியாக மங்கியது என்றும், ஆகவே நோயாளியின் இரத்தத்திலுள்ள மருந்தை இனி இவ்விதமே அளந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். முதலிரண்டும் உண்மை, மூன்றாவதைப் பற்றித்தான் இக்கடிதம்.

அளக்க வேண்டிய அவசியத்தை முதலில் நினைத்துப் பார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் தம் சகாக்களுடன் உருவாக்கிய போலிக் அமில விரோதிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இம்மருந்து. அக்குடும்பத்து அமினோப்டெரினைக் கொண்டுதான் 1948-ல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குத் தற்காலிகமாயினும் நிவாரணம் கிட்டியதை உலகுக்கு அறிவித்தார். பெருகும் உயிரணுவுக்கு இன்றியமையாத போலிக் அமிலச் சத்தைத் தடுப்பதே மெதோட்ரெக்சேட்டின் குணமாதலால், எலும்புப் புற்றுநோய் போன்றவற்றுக்குப் பெருமளவில் செலுத்தும்போது, பின்னர் போலினிக் அமிலம் கொடுத்து நல்ல உயிரணுக்களைக் காக்க வேண்டியிருக்கிறது. சிறுநீரகம் சோர்ந்தால் மருந்து உடலிலேயே தங்கி விஷமாகிவிடும். ஆகவே 24, 48, 72 மணி நேரங்களில் இரத்தம் எடுத்துச் சோதித்து, லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 மைக்ரோமோல், அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 45 நானோகிராம் என்னும் அளவுக்குக் கீழே மருந்து இறங்கும்வரை, வைத்தியர் பொதுவாகக் காப்பு மருந்தை நிறுத்துவதில்லை.

இனி உன் பரிசோதனைக்கு வருவோம். மெதோட்ரெக்சேட் 370 நானோமீட்டருக்கு அருகே ஒளியை உறிஞ்சும் இயல்புடையது; நீயோ ஏறக்குறைய அதே கிரணத்தைக் கொண்டே புள்ளிகளைத் தூண்டினாய். ஆதலால் மருந்து, புள்ளியைத் தீண்டாமலேயே, அதற்குச் சேர வேண்டிய ஒளியை வழியிலேயே பறித்துக்கொண்டிருக்கக் கூடும். அப்படியானால் ஒளிர்வின் ஆயுட்காலம் மாறாது; மோதித் தணிப்பதாயின் அது குறையும். இந்த அளவீட்டை நீ செய்யவேயில்லை.

வெறும் உறிஞ்சலை நம்பினால் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார். ஒரு சென்டிமீட்டர் கலத்தில் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோல் அளவிலான மருந்து அந்த அலைநீளத்தில் விழுங்குவது, விழும் ஒளியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. நீயோ இரத்தச் சீரத்தை நூறு மடங்கு நீர்த்துச் சோதிக்கப்போவதாகச் சொல்கிறாய். அப்போது தேட வேண்டிய அளவும் நூறில் ஒன்றாகச் சுருங்கிவிடுமே! கண்ணுக்குத் தெரிந்து ஒளி மங்கியதென்றால், நீ சேர்த்த மருந்து வைத்தியருக்கு வேண்டிய எல்லையைவிட எத்தனையோ மடங்கு அதிகம் என்பதே அதன் பொருள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சீரம் உன் வாலை நீரைப் போன்று நிர்மலமானதன்று. அதிலுள்ள பிலிரூபின் நீல ஒளியை உறிஞ்சும். காமாலை கண்ட நோயாளியிடம் மருந்தே இல்லாவிட்டாலும் உன் புள்ளிகளின் ஒளி மங்கத்தான் செய்யும். கல்லீரல் மருந்தை மாற்றி உண்டாக்கும் 7-ஹைட்ராக்சி மெதோட்ரெக்சேட்டோ நாட்கள் செல்லச் செல்லத் தாய்ப் பொருளையும் மிஞ்சி நிற்கும். மருத்துவமனைகளில் நிலைபெற்றுவிட்ட எதிர்ப்பொருள் சோதனைகளே, மருந்தைச் சிதைக்கும் குளுகார்பிடேஸ் நொதி கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம், சிதைந்த துண்டை முழு மருந்தென்று கணக்கிட்டு ஏமாறுகின்றன. உன் புள்ளிகள் அவற்றினும் விவேகமுடையவை என்பதற்கு நீ இன்னும் ஆதாரம் காட்டவில்லை.

மருந்தை மாத்திரம் பற்றிக்கொள்ளும் அப்டமர் என்னும் மூலக்கூறு ஒன்றைப் புள்ளியுடன் இணைப்பதும், மாறாமல் ஒளிரும் இரண்டாம் நிறமொன்றைச் சேர்த்து இரண்டின் விகிதத்தை அளப்பதும் நல்ல வழிகளே. ஆயினும் அவை பிறகு ஆகட்டும். முதலில், மருந்து கலவாத சீரத்தில் பிலிரூபினை மட்டும் சேர்த்து அளந்து பார். அடுத்து, நீர்க்காத சீரத்தில் லிட்டருக்கு 0.05, 0.1, 1 மைக்ரோமோல் வீதம் மருந்தைத் தனித்தனியே கலந்து, ஒவ்வொன்றையும் மும்முறை அளந்து, அதே மாதிரிகளைத் திரவ நிறப்பிரிகைக் கருவியிலும் கொடுத்து, இரு பத்திகளாக எழுதி அனுப்பு. ஒத்துவராத எண்களை அடித்துவிடாதே. நான் முதலில் பார்க்க விரும்புவது அவற்றைத்தான்.

இப்படிக்கு,
உன் மாமா